மாநிலச் சட்டத்திலும் பட்ஜெட்டிலும் குடும்ப மருத்துவருக்கு இடம் எங்கே இருக்கிறது?

கேள்வி: டெல்டா_மருத்துவன்

மூத்த மருத்துவர்களுக்கும், அரசின் வரவு செலவுக் கணக்குகளைத் தொடர்ந்து வாசிக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

நான் எம்.பி.பி.எஸ். முடித்த பிறகு குடும்ப மருத்துவத்தில் மூன்றாண்டு டி.என்.பி. (தேசியத் தேர்வு வாரியத்தின் மேற்படிப்பு) பயிற்சியை நிறைவு செய்திருக்கிறேன். திருவாரூர் மாவட்டத்தில் எங்கள் ஊர்க் கடைத்தெருவிலேயே ஒரு சிறிய கிளினிக் தொடங்க வேண்டும் என்பது கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து என் எண்ணம். எங்கள் ஊரில் நாற்பது ஆண்டுகள் மருத்துவம் பார்த்த ஒரு பெரியவர் காலமான பிறகு, சாதாரணக் காய்ச்சலுக்கும் மக்கள் தஞ்சாவூருக்குப் பேருந்து ஏற வேண்டியிருக்கிறது. அவர் என் பாட்டியையும் அம்மாவையும் என்னையும் பார்த்தவர். மூன்று தலைமுறையின் உடல்நிலையும் அவர் நினைவில் இருந்தது. அந்த இடத்தை நிரப்ப வேண்டும் என்றுதான் சிறப்பு மருத்துவப் பிரிவுகளை விட்டுவிட்டுக் குடும்ப மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

இடம் பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டேன். அதன் பிறகு விசாரித்தால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்கிறார்கள். ஒற்றை அறை கிளினிக்கும் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறார் ஒருவர். மருத்துவக் கழிவுக்குத் தனி ஒப்பந்தம் வேண்டும் என்கிறார் இன்னொருவர். அரசே சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கும்போது உன்னிடம் யார் வருவார்கள் என்று என் உறவினர் ஒருவர் கேட்டார். அரசு வேலையில் சேர்ந்துவிடு என்பது வீட்டில் உள்ளவர்களின் அறிவுரை. ஆனால் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் நடத்தும் உதவி மருத்துவர் தேர்வுக்கு எம்.பி.பி.எஸ். போதும். குடும்ப மருத்துவத்தில் நான் கூடுதலாகப் படித்த மூன்றாண்டுக்கு அங்கே என்ன பொருள் என்பது எனக்கு விளங்கவில்லை.

என் கேள்வி இதுதான். சட்டமன்றம் இயற்றும் சட்டங்களும் ஆண்டுதோறும் வைக்கப்படும் பட்ஜெட்டும், தனியாகத் தொழில் செய்யும் ஒரு குடும்ப மருத்துவரின் அன்றாடத்தை உண்மையில் எந்த அளவுக்குத் தீர்மானிக்கின்றன? கிளினிக்கின் கதவைத் திறப்பதற்கு முன் நான் எவற்றைப் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும்? அனுபவத்திலிருந்து சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1: பழைய_ஸ்டெத்தஸ்கோப்

தம்பி, உங்கள் கேள்வியைப் படித்தவுடன் மகிழ்ச்சியும் கவலையும் சேர்ந்தே வந்தன. நான் 1986 முதல் ஒரு சிற்றூரில் வீட்டின் முன்னறையிலேயே மருத்துவம் பார்த்து வருகிறேன். தொடங்கிய காலத்தில் எனக்கும் அரசுக்கும் இருந்த தொடர்பு, மருத்துவக் கவுன்சிலில் என் பெயர் இருந்ததும், உள்ளாட்சிக்கு அரையாண்டுக்கு ஒரு முறை தொழில்வரி கட்டியதும்தான். 1914ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் மருத்துவரைப் பதிவு செய்தது. அவர் அமரும் அறையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

அறையைப் பற்றிக் கேட்ட சட்டம் 1997இல் வந்தது. தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் அந்தச் சட்டம் நிறைவேறினாலும், அதற்குரிய விதிகள் வராமல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் காகிதத்திலேயே இருந்தது. 2018இல் சட்டம் திருத்தப்பட்டு, ‘தனியார்’ என்னும் சொல் தலைப்பிலிருந்து நீக்கப்பட்டு, அரசு மருத்துவமனைகளும் வரம்புக்குள் கொண்டுவரப்பட்டு, விதிகளும் அதே ஆண்டில் வெளியாயின. அந்த ஆண்டுதான் எங்களைப் போன்றவர்கள் எல்லாரும் கோப்பும் கையுமாக அலைந்தோம். நூறு படுக்கை கொண்ட மருத்துவமனைக்கும் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, ஒரு படுக்கைப் பலகை கொண்ட அறைக்கும் தரநிலைகள் வேறு வேறு என்றாலும், பதிவு செய்ய வேண்டிய கடமை ஒன்றே. பதிவுச் சான்றிதழ் ஐந்தாண்டுகளுக்குச் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும். விண்ணப்பம் மாவட்ட மருத்துவப் பணிகள் இணை இயக்குநரிடம் போகும்.

பெரிய மருத்துவமனையில் இந்த வேலைக்கென்றே ஒரு நிர்வாகி இருப்பார். என் கிளினிக்கில் மருத்துவரும் நானே, நிர்வாகியும் நானே. உடன் இருப்பவர் இருபத்தாறு ஆண்டுகளாக என்னோடு இருக்கும் கம்பவுண்டர் ஒருவர் மட்டும். வாடகைக் கட்டடத்தில் இருந்த என் நண்பர் ஒருவர், கட்டட வரைபடத்தைத் தர உரிமையாளர் மறுத்ததால் இரண்டு மாதம் கிளினிக்கைப் பூட்டி வைத்திருந்தார். அந்த இரண்டு மாதத்தில் அவருடைய நோயாளிகளில் பலர் மருந்துக் கடைக்காரரிடமே அறிகுறியைச் சொல்லி மாத்திரை வாங்கிச் சாப்பிட்டார்கள். ஒழுங்குமுறை வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். தகுதியில்லாமல் ஊசி போடுகிறவர்களை இனங்காண்பதற்கு இந்தப் பதிவேடு தேவை. ஆனால் ஒற்றை மருத்துவர் நடத்தும் அறைக்கென்று தனி வகையும், எளிமையான ஒரே படிவமும் சட்டத்திலேயே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கழிவு குறித்துக் கேட்டிருந்தீர்கள். அது 2016ஆம் ஆண்டின் மருத்துவ உயிரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி நடக்கிறது. விதி மத்திய அரசுடையது. நடைமுறைப்படுத்துவது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என நான்கு வகையாகப் பிரிக்க வேண்டும். பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒப்பந்தம் வேண்டும். படுக்கை இல்லாத கிளினிக்குக்கு வாரியத்தின் அங்கீகாரம் ஒரே முறை பெற்றால் போதும் என்பது நமக்குள்ள ஒரு சலுகை. ஆனால் ஆண்டறிக்கையை ஜூன் 30க்குள் அனுப்பியாக வேண்டும். இதில் சுணங்காதீர்கள். தெருவில் வீசிய ஊசி குத்தித் துப்புரவுப் பணியாளர் ஒருவர் என்னிடம் வந்ததை நான் மறக்கவில்லை. பரிசோதனை முடிவு தெரியும்வரை அந்த மனிதர் உறங்கவில்லை.

இன்னொரு சட்டத்தையும் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவப் பணியாளர்கள் மீதும் மருத்துவ நிறுவனங்கள் மீதும் நடக்கும் வன்முறையைத் தடுக்க 2008இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டம் அது. நம்மவர்கள் ‘ஆக்ட் 48’ என்பார்கள். பிணையில் வர முடியாத குற்றமாக வகுக்கப்பட்டிருக்கிறது. சிறிய கிளினிக்குக்கும் பொருந்தும். இரவு பத்து மணிக்குக் குடித்துவிட்டு வந்து கதவை உதைப்பவரைத் தனியே எதிர்கொள்ள வேண்டிய நிலை கிளினிக் நடத்துகிறவருக்குத்தான் அதிகம் என்பதால் சொல்கிறேன்.

பட்ஜெட்டைப் பொறுத்தவரை, ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். சென்ற ஆண்டு, அறுபத்தெட்டு வயதுள்ள என் பழைய நோயாளி ஒருவர் இரண்டு கால்களும் வீங்கி வந்தார். இதயம், சிறுநீரகம், கல்லீரல் என்று வரிசையாக யோசித்துக்கொண்டே பரிசோதித்தேன். எதிலும் குறை தென்படவில்லை. அவர் மஞ்சப்பையைக் கவிழ்த்து, சாப்பிடும் மாத்திரைகளையெல்லாம் மேசைமேல் கொட்டச் சொன்னேன். நான் எழுதிக்கொடுத்த அட்டை ஒன்று, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து கொடுத்த அட்டை ஒன்று. இரண்டும் இரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின். பெயர் வேறு, நிறம் வேறு. அவர் காலையில் ஒன்றும் இரவில் ஒன்றுமாக மூன்று மாதமாகச் சாப்பிட்டிருக்கிறார். ‘அது கவர்மெண்டு மாத்திரை, இது உங்க மாத்திரை, ரெண்டும் நல்லதுதானே டாக்டர்’ என்றார். ஒன்றை நிறுத்தினோம், இரண்டே வாரத்தில் வீக்கம் வடிந்தது.

மாத்திரை கொடுத்த தன்னார்வலர்மீது இதில் பிழையில்லை. அந்த நோயாளியின் பெயர் அரசுப் பதிவேட்டில் இருக்கிறது. என் நோட்டிலும் இருக்கிறது. இரண்டையும் இணைக்க ஒரு துண்டுச் சீட்டுக்குக்கூட அந்தத் திட்டத்தில் இடம் வைக்கப்படவில்லை. என்னைப் போன்ற ஒருவன் அந்த ஊரில் இருப்பதையே திட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை என்பதுதான் என் வருத்தம்.

மறுமொழி 2: கணக்கு_வாசகன்

டாக்டர் ஐயா சொன்ன மாத்திரை நிகழ்ச்சி, பட்ஜெட் ஆவணங்களைப் பல ஆண்டுகள் கையாண்டவன் என்ற முறையில் எனக்கு ஒரு பெரிய உண்மையை நினைவூட்டுகிறது. குடும்ப மருத்துவர் என்னும் ஒருவர் அந்த ஆவணங்களில் இல்லை. நான் மருத்துவன் அல்லன். அரசின் நிதிப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். எனக்குத் தெரிந்த பகுதியை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைப் பாருங்கள். அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 6ஆம் இனமாகப் பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மருந்தகங்களும் வருகின்றன. மருத்துவத் தொழில், மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் இயற்றக்கூடிய பொதுப்பட்டியலின் 26ஆம் இனத்தில் வருகிறது. எனவே நீங்கள் மருத்துவராகத் தகுதி பெறுவதில் தில்லியின் கை அதிகம். உங்கள் கிளினிக்கின் சுவருக்குள் நடப்பதில் சென்னையின் கை அதிகம். 2010இல் நாடாளுமன்றம் மருத்துவ நிறுவனங்களுக்கு ஒரு சட்டம் இயற்றியபோதும் தமிழ்நாடு தன் சொந்தச் சட்டத்தையே வைத்துக்கொண்டது இதனால்தான். இன்னொரு மாநிலத்தின் நடைமுறையைப் படித்துவிட்டு இங்கே அப்படியே பொருத்திப் பார்க்கக்கூடாது. ராஜஸ்தான் 2023 மார்ச்சில் நலவாழ்வு உரிமைச் சட்டத்தை நிறைவேற்றியபோது, அவசர சிகிச்சைக்கு முன்பணம் கேட்கக்கூடாது என்ற பிரிவை எதிர்த்துத் தனியார் மருத்துவர்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்தச் செலவை அரசு யாருக்கு, எப்போது, எப்படித் திருப்பித் தரும் என்பதே அங்கே எழுந்த முக்கியமான கேள்வி. சட்டம் ஒரு கடமையைச் சுமத்தும்போது பட்ஜெட்டில் அதற்குரிய ஒதுக்கீடு இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை இளம் மருத்துவர் இப்போதே வளர்த்துக்கொள்ள வேண்டும்.

அந்த ஒதுக்கீட்டை எங்கே தேடுவது? நம் மாநிலத்தில் துறைகள் தம் செலவுக்குச் சட்டமன்றத்தின் ஒப்புதலைக் கேட்பது மானியக் கோரிக்கை; மக்கள் நல்வாழ்வுத் துறைக்குரியது எண் 19. அதோடு ஒவ்வொரு ஆண்டும் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பும் சட்டமன்றத்தில் வைக்கப்படுகிறது. பட்ஜெட் உரையைவிட இந்தக் குறிப்பே பயனுள்ளது. உரையில் அறிவிப்பு இருக்கும். குறிப்பில் பணியிடங்களும் செலவும் இருக்கும். கணக்குத் தலைப்புகளில் 2210 என்பது மருத்துவமும் பொதுச் சுகாதாரமும். அதனுள் 01 நகர்ப்புறச் சேவை, 03 ஊரகச் சேவை, 05 மருத்துவக் கல்வி. இவற்றை மூன்று நான்கு ஆண்டுகளுக்கு வரிசையாக வைத்துப் பார்த்தால் பணம் எந்தத் திசையில் ஓடுகிறது என்பது கண்முன்னே தெரியும்.

2024-25இல் துறைக்கு 20,198 கோடி ரூபாயும் 2025-26இல் 21,906 கோடி ரூபாயும் ஒதுக்கப்பட்டன. தொகை வளர்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 2017ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கை, மாநிலங்கள் தம் செலவில் 8 விழுக்காட்டுக்கு மேல் நலவாழ்வுக்குத் தர வேண்டும் என்றும், அதில் மூன்றில் இரண்டு பங்கு முதல்நிலைச் சிகிச்சைக்குப் போக வேண்டும் என்றும் சொன்னது. நம் மாநிலம் அந்த எட்டைத் தொடவில்லை. முதல்நிலைச் சிகிச்சை என்று நாம் எழுதும்போதும், அரசு நடத்தும் நிலையத்தை மட்டுமே அந்தச் சொல் குறிக்கிறது.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பு. அதனால் பிழைத்தவர்களை நானே அறிவேன். என் அண்ணன் மகன் அவர்களில் ஒருவன். ஆனால் அது வழங்குவது பெரும்பாலும் அறுவைக்கும் மருத்துவமனைச் சிகிச்சைக்கும். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு டயாலிசிஸ் செலவை அது ஏற்கும். அந்தச் சிறுநீரகம் கெடாமல் இருக்கப் பத்தாண்டுகள் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் பார்த்து, உப்பைக் குறைக்கச் சொல்லி, வலி மாத்திரையைத் தடுத்த குடும்ப மருத்துவரின் ஒரு நாள் ஆலோசனைக் கட்டணத்துக்குக்கூட அதில் இடமில்லை. அப்படியானால் ஏழைக் குடும்பத்தின் கண்ணுக்கு, கிளினிக் என்பது காசு செலவாகும் இடம். மருத்துவமனை என்பது காப்பீட்டு அட்டை செல்லும் இடம். நோய் முற்றும்வரை காத்திருக்க நாமே மக்களைப் பழக்குகிறோம் என்று நான் அஞ்சுகிறேன்.

தனியார் குடும்ப மருத்துவருக்கு அரசுப் பணம் போவது நம் நாட்டில் நடக்காத காரியம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் (இ.எஸ்.ஐ.) சட்டம் 1948இல் வந்தது. அதன் கீழ் மருத்துவச் சேவையை நடத்துவது மாநில அரசு. செலவில் எட்டில் ஏழு பங்கை ஈட்டுறுதிக் கழகமும் ஒரு பங்கை மாநிலமும் ஏற்கின்றன. மேற்கு வங்கம், மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களில் தொழிலாளர்களைத் தம் சொந்தக் கிளினிக்கிலேயே பார்க்கும் ‘பேனல் மருத்துவர்கள்’ இருந்து வருகிறார்கள். தம்மிடம் பதிவு செய்துகொண்ட தொழிலாளர்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப, தலைக்கு இவ்வளவு என்று ஆண்டுத் தொகை பெறுவது அந்த முறை. குறைகள் அதில் உண்டு. ஆயினும் ஒரு குடும்பம் ஒரு மருத்துவரோடு கட்டப்பட்டிருப்பதை அரசின் கணக்கேடு ஏற்றுக்கொண்ட முறை, எனக்குத் தெரிந்து, அது ஒன்றுதான். தமிழ்நாடு அரசு மருந்தகங்கள் வழியாகச் சேவை தரும் முறையைத் தேர்ந்தெடுத்ததால், இந்த அனுபவம் நமக்குக் கிட்டவில்லை.

சிறிய அளவில் இன்னோர் எடுத்துக்காட்டு: காசநோயாளி ஒருவரை அரசுக்கு அறிவிக்கும் தனியார் மருத்துவருக்கு 500 ரூபாயும், சிகிச்சையின் முடிவைத் தெரிவித்தால் மேலும் 500 ரூபாயும் தேசியத் திட்டத்தில் தரப்படுகின்றன. தொகை பெரிதன்று. ஆனால் அந்த ஒதுக்கீடு, தனியார் மருத்துவர் செய்யும் பொதுப்பணிக்கு விலை உண்டு என்று ஒப்புக்கொள்கிறது. சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் அப்படி ஓர் ஒதுக்கீடு ஏன் கூடாது என்று கேட்க வேண்டும்.

மறுமொழி 3: ஆ_சு_நிலைய_மருத்துவர்

நான் ஊரக ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றில் மருத்துவ அலுவலராகப் பணியாற்றுகிறேன். மேலே எழுதிய இருவர்மீதும் எனக்கு மதிப்பு உண்டு. ஆனாலும் ஒன்றிரண்டு இடங்களில் நான் வேறுபடுகிறேன்.

மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோது, தனியார் மருத்துவர்கள் பலரும் இது தங்கள் நோயாளிகளை எடுத்துக்கொள்ளும் என்றே எண்ணினார்கள். என் பகுதியில் அப்படி நடக்கவில்லை. எங்கள் மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் வீடு வீடாகப் போய் இரத்த அழுத்தம் பார்த்தபோது கண்டுபிடிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் எந்த மருத்துவரிடமும் போகாதவர்கள், அல்லது போய் இரண்டு மாதம் மாத்திரை சாப்பிட்டுப் பணம் இல்லாமல் நிறுத்தியவர்கள். நாற்று நடவுக்குப் போகும் ஒரு பெண் என்னிடம் சொன்னார்: ‘டாக்டரு பீசு, மாத்திரை, பஸ்சு, அன்னைக்கிக் கூலி, இதெல்லாம் சேர்த்தா ஒரு மாசத்துக்கு ஒடம்புக்கு மட்டும் அறுநூறு ரூவா ஆவுது அம்மா.’ அந்த அறுநூறை அரசின் பட்ஜெட் அவர் கையில் மிச்சப்படுத்தியிருக்கிறது. கிளினிக் வைக்கப்போகும் தம்பி இந்தத் திட்டத்தைப் போட்டியாகப் பார்த்தால் தொடக்கத்திலேயே திசை மாறிவிடும்.

அம்லோடிபின் இரண்டு முறை போன செய்தியைப் படித்துவிட்டு, எங்கள் பகுதியில் எத்தனை பேர் அப்படி இருப்பார்கள் என்று எண்ணி எனக்கு உறுத்தலாக இருந்தது. மறுநாளே தன்னார்வலர்களைக் கூப்பிட்டு, மாத்திரை கொடுக்கும் முன் வீட்டில் உள்ள மற்ற அட்டைகளையும் கேட்டு வாங்கிப் பார்க்கும்படி சொல்லியிருக்கிறேன். இதற்குச் சட்டமும் தேவையில்லை, ஒதுக்கீடும் தேவையில்லை. மேலதிகாரியின் அனுமதிகூடத் தேவைப்படவில்லை. எல்லாவற்றுக்கும் சென்னையையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்பதற்காகச் சொன்னேன்.

பட்ஜெட் எங்களை வேறு விதமாகத் தாக்குகிறது, அதையும் சொல்ல வேண்டும். திட்டங்கள் வருகின்றன, போகின்றன; மருத்துவரின் நாற்காலி மட்டும் அதே எண்ணிக்கையில் நிற்கிறது. 2020 டிசம்பரில் 2,000 மினி கிளினிக்குகள் என்று தொடங்கி, 2022 தொடக்கத்தில் அவை முடிந்துபோயின. அவற்றில் தற்காலிகமாகச் சேர்ந்த என் வகுப்புத் தோழி, அந்தத் தெருவின் முதியவர்கள் தன்னை அடையாளம் கண்டு பேசத் தொடங்கிய நேரத்தில் வேலையை விட்டு வந்தார். பிறகு நகர்ப்புறங்களில் நலவாழ்வு மையங்கள் 708 அறிவிக்கப்பட்டு, அவற்றில் 500 மையங்கள் 2023 ஜூனில் ஒரே நாளில் திறக்கப்பட்டன. மாலையிலும் இயங்கும் அந்த மையங்களை நான் மனமார வரவேற்கிறேன். ஆனால் ஒரு குடும்பத்தை ஒரே மருத்துவர் ஐந்தாண்டுகள் தொடர்ந்து பார்ப்பதற்கு எந்தத் திட்டத்திலும் ஏற்பாடு இல்லை. எனக்கே சிறப்பு முகாம் பணி வந்தால் அன்று புறநோயாளிப் பிரிவில் செவிலியர்தான் இருப்பார். கேரளத்தில் 2017இல் ஆர்த்ரம் திட்டத்தைத் தொடங்கியபோது ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப ஆரோக்கிய மையங்களாக மாற்றி, மருத்துவர், செவிலியர் எண்ணிக்கையை உயர்த்தி, மாலை வரை புறநோயாளிகளைப் பார்க்க வைத்தார்கள். பெயர்ப்பலகையோடு பணியிடத்தையும் சேர்த்து மாற்றியதை நாம் கவனிக்க வேண்டும்.

தம்பி கேட்ட அரசுப் பணி குறித்து: தேர்வு வாரியத்தின் வழியே வந்தால், நீங்களும் உங்களுக்கு மூன்றாண்டு இளைய எம்.பி.பி.எஸ். மருத்துவரும் ஒரே உதவி மருத்துவர் பணியில்தான் சேர்வீர்கள். மருத்துவ மேற்படிப்பில் அரசுப் பணியில் உள்ளோருக்கு 50 விழுக்காட்டு இடம் என்னும் நம் மாநிலத்தின் ஏற்பாடு, அப்படி இட ஒதுக்கீடு செய்ய மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகு உறுதியாக நிற்கிறது. ஆனால் அந்த வாசல் வழியே போகிறவர்கள் பொது மருத்துவம், அறுவை, மகப்பேறு என்று போய்விடுகிறார்கள். ஊரில் தங்கி ஊரைப் பார்ப்பதையே சிறப்புத் தகுதியாக எடுத்துக்கொண்டு வரும் உங்களைப் போன்றவருக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனிப் பணியிடமும் அதற்குரிய ஊதியமும் உருவாக்குவது, ஓர் அரசாணையும் 2210இன் கீழ் ஒரு சிறிய ஒதுக்கீடும் இருந்தால் முடியக்கூடியது. எங்கள் வட்டாரக் கூட்டத்தில் இதை நான் இருமுறை எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

டெல்டா_மருத்துவன்

மூவருக்கும் என் நன்றி. அரசுத் திட்டத்தைப் போட்டியாக நினைத்துக்கொண்டிருந்த என் மனநிலை இந்த உரையாடலால் மாறியிருக்கிறது. கிளினிக்கைத் தொடங்குவது என்று முடிவு செய்துவிட்டேன்.

இரண்டு காரியங்களை முதல் நாளிலிருந்தே செய்யப்போகிறேன். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு சிறு குறிப்பேடு தந்து, நான் எழுதும் மருந்தோடு அரசு தரும் மருந்தையும் மூலப்பெயரோடு தமிழில் எழுதி வைப்பேன். தன்னார்வலர் வீட்டுக்கு வரும்போது அதைக் காட்டச் சொல்வேன். மாத்திரையை அரசிடமே தொடர்ந்து வாங்கிக்கொள்ளட்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பாதத்தையும் கண்ணையும் சிறுநீரையும் பார்க்க என்னிடம் வரட்டும்.

மற்றொன்று, எங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கு ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒற்றை மருத்துவர் கிளினிக்குக்கு விதிகளில் தனி வகையும் எளிய படிவமும் வேண்டும் என்பது முதல் கோரிக்கை. தொடர்நோய்களைப் பதிவு செய்து கட்டுப்பாட்டில் வைத்திருக்கும் தனியார் குடும்ப மருத்துவருக்குக் காசநோய்த் திட்டத்தில் உள்ளதுபோல் ஒரு மதிப்பூதியம், முதலில் ஒரு மாவட்டத்தில் மட்டும் சோதனையாக, என்பது இரண்டாவது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் குடும்ப மருத்துவப் பணியிடம் என்பதை மூன்றாவதாகச் சேர்க்கலாமா? சேர்த்தால் மனு நீண்டுவிடுமோ என்று தயக்கமாக இருக்கிறது. மானியக் கோரிக்கை விவாதத்துக்கு எத்தனை நாள் முன்னதாக இதைக் கொடுக்க வேண்டும் என்பதையும் கணக்கு_வாசகன் ஐயா சொன்னால் நல்லது.

கணக்கு_வாசகன்

மூன்றையும் சேர்த்தே எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். விவாதத்துக்கு முந்திய வாரம் கொடுத்தால் பயனில்லை, ஏனென்றால் அதற்குள் துறையின் மதிப்பீடு அச்சாகிவிடும். துறைகள் அடுத்த ஆண்டுக்கான கருத்துருக்களைத் தயாரிக்கும் செப்டம்பர், அக்டோபர் மாதங்களிலேயே ஒரு படியைத் துறைச் செயலாளருக்கும் அனுப்பிவிடுங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் எதிரே, ஒரு மாவட்டத்துக்கு ஆண்டுக்கு எவ்வளவு செலவாகும் என்று உங்கள் கணக்கை எழுதுங்கள். தொகை இல்லாத மனுவைக் கோப்பில் மேலே நகர்த்த எவராலும் முடியாது. கணக்குப் போட நான் உதவுகிறேன்.

பழைய_ஸ்டெத்தஸ்கோப்

மனுவில் என் கையெழுத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தம்பி. எங்கள் பகுதியில் இன்னும் தனியாகத் தொழில் செய்யும் ஒன்பது பேரிடம் நான் பேசுகிறேன். அவர்களில் ஆறு பேர் அறுபதைக் கடந்தவர்கள்.

பதிவு விண்ணப்பத்துக்கு முன்னால் கட்டட உரிமையாளரிடம் வரைபட நகலையும் சம்மதக் கடிதத்தையும் வாங்கிவிடுங்கள். முன்பணம் கொடுத்த சூட்டோடு கேட்டால்தான் தருவார்கள். கழிவு ஒப்பந்தத்தை அதற்கு அடுத்த வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். நான் 2018இல் கொடுத்ததும், ஐந்தாண்டு கழித்துப் புதுப்பித்ததுமாக இரண்டு கோப்புகளும் என்னிடம் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேல் நோயாளிகள் குறைவு. அப்போது வந்தால் உட்கார்ந்து ஒவ்வொரு தாளாகப் பார்த்துவிடலாம். தனிமடலில் முகவரி அனுப்புகிறேன்.